முதல் முறை ஸ்கைடைவிங்: குதிப்பதற்கு முன் விமானத்துக்குள் கவனிக்க வேண்டியவை

தில்லி மயூர் விஹாரிலிருந்து ஹரியானாவின் நார்னௌலுக்கு என் தங்கையை டேண்டம் ஜம்ப்புக்கு (இன்ஸ்ட்ரக்டரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிப்பது) அழைத்துப் போனபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பாராசூட் விரியலைன்னா?" அதற்கு ரிசர்வ் பாராசூட், அதாவது இரண்டாவதாக ஒரு அவசரப் பாராசூட் இருக்கிறது. விமானம் தரையை விட்டுக் கிளம்பும் முதல் சில நிமிடங்களைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. 2019 ஜூனில் ஹவாயில் ஸ்கைடைவிங் விமானம் விழுந்து 11 பேர் இறந்தது அப்போதுதான். கிளம்பிய உடனே, தாழ்வான உயரத்தில் விமானி விமானத்தை மூர்க்கமாகத் திருப்பியதே காரணம் என்று விசாரணை சொன்னது.

படி 1: எடையை உள்ளபடி சொல்லுங்கள். கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்லவே கூடாது. ஷூ, ஜாக்கெட்டோடு எடை பார்க்கச் சொன்னால் நல்ல இடம் என்று அர்த்தம்.

படி 2: உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருங்கள். இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். பெரும்பாலும் சீட் இருக்காது, தரையில்தான் உட்கார வேண்டும். கதவு பின்பக்கம் இருந்தால், குதிக்கும் நேரத்தில் எல்லோரும் பின்னால் நகர்வார்கள். விமானத்தின் வால் கனத்துவிடும். வேகமும் குறைந்தால் விமானம் கட்டுப்பாட்டை இழக்கலாம். 2019 ஜூலையில் ஸ்வீடனின் ஊமியோ அருகே 9 பேர் இறந்த விபத்தில் இந்த இரண்டும் சேர்ந்துகொண்டன. நியூசிலாந்தின் ஃபாக்ஸ் கிளேசியரில் 2010-ல் விழுந்தது, வயலுக்கு உரம் தூவும் வகை விமானத்தை ஸ்கைடைவிங்குக்கு மாற்றியது. அதிலும் எடை மையம் (விமானத்தின் மொத்த எடையும் சமநிலையாகும் புள்ளி) எல்லை தாண்டிப் பின்னால் இருந்தது. 9 பேர் போனார்கள். அதனால் செல்ஃபி எடுக்கவோ நண்பர் பக்கத்தில் உட்காரவோ நகராதீர்கள்.

படி 3: சீட் பெல்ட். தரையில் இருக்கும்போதே மாட்டவும் கழற்றவும் இரண்டு முறை பழகுங்கள். பல இடங்களில் 1,500 அடி தாண்டும் வரை கழற்ற விடமாட்டார்கள். கட்டாத ஆள் ஒருவர் இருந்தால், விமானம் மோதும்போது மற்றவர்கள் மேல் வந்து விழுவார். பெல்ட்டே இல்லை, தேவையில்லை என்றால், பணம் போனால் போகட்டும், ஏறாதீர்கள்.

படி 4: கதவருகே பாராசூட்டின் எந்தக் கைப்பிடியையும் தொடாதீர்கள். இன்ஸ்ட்ரக்டர் சொன்னபடி கைகளை மார்போடு வைத்துக்கொள்ளுங்கள். தவறுதலாகத் திறந்த பாராசூட் வாலில் சிக்கினால் விமானமே ஆபத்தில் மாட்டும்.

படி 5: என்ஜின் நின்றுவிட்டால்? தாழ்வாக இருந்தால் விமானத்தோடேயே இறங்குவார்கள். தலையைக் குனிந்து, பெல்ட்டோடு அப்படியே இருங்கள். உயரத்தில் இருந்தால் இன்ஸ்ட்ரக்டர் உங்களோடு குதிக்கலாம். 2013-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இரண்டு ஸ்கைடைவிங் விமானங்கள் மோதியும் 11 பேருமே பிழைத்தார்கள், அந்த அளவு உயரம் இருந்ததால். எதுவாக இருந்தாலும் முடிவு இன்ஸ்ட்ரக்டருடையது. "எஞ்சின் நின்றால் நான் என்ன செய்யணும் சார்?" என்று பயிற்சியின்போதே கேட்டுவிடுங்கள். தங்கை கேட்டாள், அவரும் பொறுமையாகச் செய்து காட்டினார்.

அப்புறம் பனி. டிசம்பர், ஜனவரியில் தில்லிப் பக்கம் காலையில் எதிரே இருப்பது தெரியாது. நான்கு மணிக்கே எழுந்து வந்தோமே என்று விமானியை அவசரப்படுத்தாதீர்கள். வேறு தேதி கொடுத்தால் வாங்கிக்கொண்டு, வரும் வழியில் ரேவாரியில் சூடாக ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.