ஆண்டுக்கு ஓர் இரவு: சீனப் பழங்கதையிலிருந்து இளையோர் காதல் மாயக்கதை எழுதுவது எப்படி?

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் படிக்கும்படி ஒரு மாயக்கதை, அதற்குள் ஒரு காதல், பின்னணியில் சீனத் தொன்மம். இப்படி எழுத ஆசைப்படுபவர்கள் பலர் டிராகனில் தொடங்குகிறார்கள். அப்புறம் அரண்மனை, வாள் சண்டை, சாபம். நூறு பக்கம் ஓடியும் காதல் வந்திருக்காது. பழங்கதையில் காதலர்களைக் கட்டிப்போட்டிருக்கும் விதி எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் யோசனை.

படி 1: ஒரே ஒரு கதையை எடுங்கள்

நான் எடுத்துக்கொள்வது நெசவுப் பெண் ஜீநூவும் மாடு மேய்க்கும் நியூலாங்கும். அவள் வானுலகில் மேகங்களை நெய்பவள். மண்ணுக்கு வந்து அவனை மணக்கிறாள், இரண்டு பிள்ளைகள் பிறக்கிறார்கள். வானுலகம் அவளைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. அவன் பிள்ளைகளைக் கூடைகளில் வைத்துக் காவடியாகத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறான். எட்டிப்பிடிக்கும் நேரத்தில் வானுலகப் பெண்தெய்வமான மேற்கின் ராணித்தாய் தன் கொண்டை ஊசியால் வானில் ஒரு கோடு கிழிக்கிறாள். அந்தக் கோடுதான் நாம் பால்வீதி என்கிற வெள்ளி ஆறு.

ஏழாம் சந்திர மாதம் ஏழாம் நாள் மட்டும் மேக்பை பறவைகள் கூடிப் பாலம் போடுகின்றன, அந்த ஓர் இரவுதான் இருவரும் சந்திக்கலாம். காக்கைக் குடும்பத்துப் பறவைகள் அவை, கறுப்பு வெள்ளை உடம்பு, நீண்ட வால். நிலவின் மறுபக்கத்திலிருந்து செய்தி அனுப்புவதற்காக 2018இல் சீனா ஏவிய துணைக்கோளுக்கும் அந்தப் பாலத்தின் பெயர்தான்: சுவேசியாவ்.

குறைந்தது இரண்டு வடிவங்களாவது படியுங்கள். இன்னொரு வடிவத்தில் வானுலகப் பேரரசரே இருவருக்கும் மணம் முடித்து வைக்கிறார். மணமான பிறகு அவள் தறிப்பக்கமே போகாததால் அவரே பிரித்தும் வைக்கிறார். எனக்கு இதுதான் கூடுதலாகப் பிடிக்கும். தான் நேசிக்கும் தொழிலுக்கும் தான் நேசிக்கும் ஆளுக்கும் நடுவில் நிற்கும் பெண் அதில் இருக்கிறாள். ஏழாம் நாள் இரவில் நிலவொளியில் ஊசியில் நூல் கோத்து, கைத்திறன் கேட்டு இளம்பெண்கள் வேண்டிக்கொள்ளும் வழக்கமும் சீனாவில் உண்டு.

படி 2: விதியைத் தளர்த்தாதீர்கள்

ஆண்டுக்கு ஓர் இரவு என்றால் ஓர் இரவுதான். நடுவில் ஒரு மாயக் கண்ணாடி கொண்டுவந்து இருவரையும் பேசவைத்தால் கதை அங்கேயே செத்துவிடும். அந்த ஓர் இரவுக்கு அவள் எதையெல்லாம் சேர்த்து வைப்பாள், எதைச் சொல்ல மறந்துபோவாள் என்று யோசியுங்கள். பதினேழு வயதில் ஓர் ஆண்டு என்பது மிக நீளமானது. ஒவ்வொரு சந்திப்பிலும் இருவரும் கொஞ்சம் வேறு ஆட்களாக மாறியிருப்பார்கள்.

படி 3: ஆடைத் திருட்டை என்ன செய்வது?

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தில், அவள் குளிக்கும்போது எருதின் யோசனைப்படி நியூலாங் அவள் ஆடையை ஒளித்து வைக்கிறான். அது இல்லாமல் பறந்து திரும்பிப் போக முடியாமல்தான் அவள் தங்குகிறாள். இதை அப்படியே இன்றைய பதினாறு வயதுக்காரிக்குக் காதல் என்று கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. போக வழியில்லாதவள் தங்கினாள் என்பதில் காதல் எங்கே இருக்கிறது?

அதற்காக ஆடையைக் கதையிலிருந்து தூக்கிவிடாதீர்கள், அது அருமையான பொருள். கை மாற்றினால் போதும். அவன் கண்டெடுக்கட்டும், திருப்பிக் கொடுக்கட்டும். போகிற வழி திறந்திருக்கும்போது அவள் எடுக்கும் முடிவுதான் உங்கள் காதல் கதை.

படி 4: வானத்தைச் சரியாக எழுதுங்கள்

சந்திர மாதத்தின் ஏழாம் நாளில் முழுநிலா வராது. ஏறக்குறைய அரை நிலாதான், அதுவும் நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும். அதன்பிறகுதான் வெள்ளி ஆறு நன்றாகத் தெரியும். சந்திப்பை அந்த இருட்டுக்கு நகர்த்துங்கள். அன்று மழை பெய்தால் அது அவர்களின் கண்ணீர் என்பார்கள், அதையும் பயன்படுத்தலாம்.

ஜீநூ என்பது வேகா நட்சத்திரம், நியூலாங் என்பது ஆல்டேர். இரண்டுக்கும் நடுவே சுமார் 15 ஒளியாண்டு. ஆல்டேரும் அதன் இரு பக்கத்து நட்சத்திரங்களும் சேர்ந்ததுதான் நம் திருவோணம். சீனர்களுக்கு அது இரண்டு பிள்ளைகளைச் சுமந்து நிற்கும் தகப்பன். ஆகஸ்ட் இரவில் பத்து மணிவாக்கில் மொட்டைமாடிக்குப் போனால், மேகமில்லை என்றால் ஏறக்குறைய தலைக்கு மேலேயே பார்க்கலாம்.

படி 5: பெயர்களும் டிராகனும்

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். வயதில் மூத்தவரை இளையவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நமக்கு இது சுலபம். டிராகன் வேண்டும் என்றால் நெருப்புக் கக்க விடாதீர்கள். சீன டிராகன் மழைக்கும் நீருக்கும் உரியது.

படி 6: முதல் காட்சி

சரி, இனி எழுதிப் பார்க்கலாம். நான் தொடங்கினால் இப்படி இருக்கும்:

"கரையில் வைத்த வெள்ளாடையைக் காணவில்லை. கிழட்டு எருது ஒன்று நின்றிருந்தது, அதன் கொம்பில் ஆடை. ஓரம் கிழிந்திருந்தது. மேய்ப்பவன் முதுகைக் காட்டி நின்றபடியே கையை மட்டும் பின்னால் நீட்டினான். 'என் எருது செய்த தப்பு. எனக்குத் தைக்கவும் வராது' என்றான்."

கிழிந்த ஆடையோடு அவளால் பறக்க முடியாது. தைத்து முடிக்க மூன்று நாள் ஆகும் என்று வையுங்கள். மூன்றாம் நாள் மாலை, தைத்த ஆடை கையில் இருந்தும் அவள் ஏன் கிளம்பவில்லை என்பதை இரண்டாம் அத்தியாயத்தில் எழுதுங்கள்.