சூப்பர் காரா, கிராண்ட் டூரரா? ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து முடிவு செய்வது எப்படி

வேகமான கார் ஒன்று வாங்க வேண்டும் என்று வருடக்கணக்கில் ஆசைப்பட்டு, ஒருவழியாகப் பணமும் சேர்ந்த பிறகு பலரும் திகைத்து நிற்கிற இடம் இதுதான். ஒருபக்கம் இரண்டே சீட், முதுகுக்குப் பின்னால் எஞ்சின், பார்த்தாலே நெஞ்சு படபடக்கும் சூப்பர் கார். இன்னொரு பக்கம் நீண்ட பானட், பின்னால் இரண்டு சின்ன சீட், ஒழுங்கான டிக்கி என்று கிராண்ட் டூரர். எதை எடுப்பது?

வேகத்தை வைத்து இதை முடிவு செய்யவே முடியாது. 2021இல் வந்த பென்ட்லி கான்டினென்டல் ஜிடி ஸ்பீட் 2,200 கிலோவைத் தாண்டுகிற கனமான கார், ஆனாலும் 3.6 வினாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது, மணிக்கு 335 கிலோமீட்டர் வரை போகிறது. சாலையில் இதற்கு மேல் யாருக்கு என்ன வேண்டும்? நான் பார்க்கச் சொல்வது வேறு ஒரு கணக்கு: அந்தக் காரை எத்தனை நாள் வீட்டிலேயே விட்டுவிட்டு வேறு வண்டியில் போவீர்கள் என்பது.

ஆரம்பிக்கும் முன்: எஞ்சின் எங்கே இருக்கிறது?

கிராண்ட் டூரரைச் சுருக்கமாக ஜிடி என்பார்கள். அது 'கிரான் டூரிஸ்மோ' என்ற இத்தாலியச் சொல்லின் சுருக்கம், நெடும்பயணம் என்று பொருள். 1951இல் வந்த லான்சியா ஆரேலியா பி20 ஜிடியைத்தான் இந்த வகையின் தொடக்கமாகப் பலர் சொல்வார்கள். சூப்பர் கார் பக்கம் அந்த இடம் 1966இல் வெளியான லம்போர்கினி மியூராவுக்கு. வி12 எஞ்சினை, அதாவது 'வி' வடிவில் பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட எஞ்சினை, சீட்டுகளுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் வைத்த கார் அது.

எஞ்சின் முன்னால் இருந்தால் பின்பக்கம் முழுவதும் மனிதர்களுக்கும் பெட்டிகளுக்கும் கிடைக்கும். எஞ்சினை நடுவில் கொண்டுவந்தால் (இதைத்தான் மிட் எஞ்சின் என்பார்கள்), பின் சீட் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்றால், எடை நடுவில் குவிந்திருப்பதால் கார் சட்டென்று திரும்பும். சுழல் நாற்காலியில் கைகளை விரித்தபடி சுற்றும்போது திடீரென்று கைகளை மார்போடு சேர்த்தால் வேகம் கூடுகிறதல்லவா, அதே விஷயம்தான் இங்கும். பிடி விட்டுப்போனால் அதே வேகத்தில் சுழன்றும் விடும் என்பதையும் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

படி 1: மூன்று மாதப் பயணங்களை எழுதுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள், மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. ஒரு நோட்டில் கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் காரில் போன பயணங்களை நினைவுக்கு வந்தவரை எழுதுங்கள். எத்தனை பேர், எவ்வளவு தூரம், என்ன சாமான், எங்கே நிறுத்தினீர்கள், மழையா வெயிலா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். பிறகு பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டு, இந்தப் பயணத்துக்கு இரண்டு சீட் காரை எடுத்திருப்பேனா, ஜிடியை எடுத்திருப்பேனா என்று டிக் போடுங்கள்.

உண்மையாக டிக் போட வேண்டும். "எடுத்திருக்கலாம்" என்பது வேறு, "எடுத்திருப்பேன்" என்பது வேறு. இருட்டான அடித்தளப் பார்க்கிங்கில் நான்கு மணி நேரம் விட்டுவிட்டு வர மனம் ஒப்புமா? பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் தெருவுக்குள் இறக்குவீர்களா? தயக்கம் வந்தால் டிக் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒருவர் இந்தக் கணக்கைப் போடாமல் மிட் எஞ்சின் கார் ஒன்றை வாங்கினார். காரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் போகும் பயணங்களில் பாதிக்கு மேல் மூன்று பேர் இருந்தார்கள், அதனால் ஆறு மாதத்தில் அது துணி போர்த்தியபடி நின்றது. அந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இதற்கு நேர் எதிரான முடிவும் வரலாம். விடியற்காலையில் தனியாகக் கிளம்பி, மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வீடு திரும்புவதுதான் உங்கள் நோட்டில் திரும்பத் திரும்ப வருகிறது, குடும்பத்துக்கு வேறு கார் இருக்கிறது என்றால், சூப்பர் காரையே எடுங்கள். அப்படிப்பட்டவர் 'புத்திசாலித்தனமான' தேர்வு என்று ஜிடியை வாங்கினால் ஒவ்வொரு வளைவிலும் அந்த எடை உறுத்தும். மெக்லாரன் 720எஸ் காரின் மிகக் குறைந்த உலர் எடை, அதாவது எரிபொருள், ஆயில் போன்ற திரவங்கள் இல்லாத எடை, 1,283 கிலோ. மேலே சொன்ன பென்ட்லியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 2: டேப் எடுத்து அளங்கள்

வீட்டு வாசல் சரிவு, அடிக்கடி போகிற இடங்களின் ரேம்ப், வழியில் வரும் வேகத்தடைகள். முக்கியமாக, சரிவு தொடங்கும் இடமும் முடியும் இடமும். மூக்கு இடிப்பது தொடங்கும் இடத்தில், அடிவயிறு உரசுவது முடியும் இடத்தில். முன்பக்கத்தை உயர்த்தும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். மெக்லாரன் ஜிடியில் தரை இடைவெளி 110 மில்லிமீட்டர், உயர்த்தினால் 130. அந்த 20 மில்லிமீட்டர்தான் பல இடங்களில் உள்ளே போவதற்கும் திரும்பி வருவதற்கும் உள்ள வித்தியாசம்.

கதவையும் பாருங்கள். ஜிடி கார்களின் கதவுகள் நீளமானவை, நெருக்கமான பார்க்கிங்கில் பாதிகூடத் திறக்காது. மேலே தூக்கித் திறக்கும் கதவு என்றால் கூரை உயரத்தை அளக்க வேண்டும்.

படி 3: உங்கள் பெட்டியைக் கொண்டுபோங்கள்

லிட்டர் கணக்கை மட்டும் படித்துவிட்டு ஏமாறாதீர்கள். லம்போர்கினி ஹுராகானின் முன் டிக்கி சுமார் 100 லிட்டர், போர்ஷே 911இல் முன்னால் சுமார் 130, மேலே சொன்ன 2021 பென்ட்லி கான்டினென்டல் ஜிடியில் 358. இப்போது மெக்லாரன் ஜிடியைப் பாருங்கள்: முன்னால் 150, பின்னால் 420, மொத்தம் 570 லிட்டர். காகிதத்தில் பென்ட்லியைத் தோற்கடித்துவிட்டது! ஆனால் அந்த 420 லிட்டர் எஞ்சினுக்கு மேலே நீளமாக, ஆழம் குறைவாக விரிந்திருக்கும் இடம். நீளமான மெல்லிய பை அழகாகப் படுக்கும், நிமிர்ந்த பெரிய பெட்டிக்கு இடமில்லை.

ஆகவே ஷோரூமுக்குப் போகும்போது, நீங்கள் வழக்கமாகக் கொண்டுபோகும் பெட்டியையே எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். விற்பனையாளர் ஒன்றும் நினைக்க மாட்டார். எஞ்சினுக்கு மேலோ அருகிலோ சாமான் வைக்கும் இடம் இருக்கிற கார் என்றால், ஓட்டி முடித்ததும் அங்கே கை வைத்துச் சூட்டையும் பாருங்கள்.

படி 4: பின் சீட் உண்மையில் எதற்கு?

பெரும்பாலான ஜிடிக்களின் பின் சீட்டில் வளர்ந்தவர்கள் நெடுந்தூரம் உட்கார முடியாது. குழந்தைகளுக்கு, சின்னப் பயணத்துக்கு, கைப்பைகளுக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். விதிவிலக்கும் உண்டு. 2011இல் வந்த ஃபெராரி எஃப்எஃப், வி12 எஞ்சினோடு நான்கு பேரை நிஜமாகவே ஏற்றிக்கொண்டது, டிக்கி 450 லிட்டர், பின் சீட்டை மடக்கினால் 800. குழந்தை இருந்தால் அந்தக் குழந்தை சீட்டைப் பொருத்திப் பார்த்துவிட்டு, அதற்கு முன்னால் நீங்கள் உட்கார முடிகிறதா என்றும் பாருங்கள். இரண்டு சீட் காரில் குழந்தையை ஏற்றினால் உங்கள் துணைக்கு இடமில்லை, இதைப் பலரும் வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள்.

படி 5: டெஸ்ட் டிரைவ், ஆனால் இரண்டு மணி நேரம்

இருபது நிமிடம் ஓட்டினால் சூப்பர் கார்தான் ஜெயிக்கும். எப்போதும். முதல் அரை மணி நேரம் மனசு குதித்துக்கொண்டிருக்கும், எதையும் கவனிக்காது. அதனால் நேரம் கேளுங்கள், ஷோரூமில் முடியாது என்றால் அதே மாடலை ஒருநாள் வாடகைக்கு எடுத்தாவது ஓட்டுங்கள். இரண்டு கார்களையும் ஒரே சாலையில் ஓட்ட வேண்டும், அதில் கொஞ்சம் மோசமான சாலையும் நெரிசலும் இருக்க வேண்டும்.

நெரிசலில் பிரேக்கை மெல்ல விட்டு நகர்ந்து பாருங்கள், சில கார்கள் அந்த வேகத்தில் திக்கித் திக்கிப் போகும். சாய்வாகப் போய்ச் சேரும் சந்திப்பில் தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள், மிட் எஞ்சின் கார்கள் பலவற்றில் அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. பின்னால் எடுத்து நிறுத்துங்கள். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா? ஆரம்பத்தில் சங்கீதமாகக் கேட்ட அதே எக்ஸாஸ்ட் மூன்றாவது மணி நேரத்தில் தலைவலியாகிவிடும். ஜிடி தன் பெயருக்கு நியாயம் செய்வது அங்கேதான். 400 கிலோமீட்டர் ஓட்டி இறங்கிய பிறகும் ஒரு சின்ன நடை போகலாம் என்று தோன்ற வைக்கும் கார் அது.

டயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பந்தயத் தடத்தை மனதில் வைத்துச் செய்த டயர்கள் சூடான காய்ந்த சாலையில் அற்புதமாகப் பிடிக்கும், குளிரிலும் தேங்கிய நீரிலும் அதே நம்பிக்கையோடு ஓட்டாதீர்கள்.

அப்புறம் ஓட்டும் சீட்டிலிருந்து இறங்கி, பக்கத்து சீட்டில் அரை மணி நேரம் உட்காருங்கள். உங்களோடு வரப்போகிறவரின் கார் அதுதான். அவருக்குப் பிடிக்காவிட்டால் உங்கள் நோட்டில் பாதி டிக் காணாமல் போகும்.

படி 6: நடுவில் நிற்கும் கார்களையும் பாருங்கள்

கட்டங்கள் பாதிக்குப் பாதி வந்தால் குழம்ப வேண்டாம். போர்ஷே 911 பின் எஞ்சின் கார், சின்னதாகப் பின் சீட்டும் உண்டு, அந்த சீட்டின் சாய்வை மடக்கினால் நல்ல சாமான் இடம். அதன் 992 தலைமுறையில் 2020இல் வந்த டர்போ எஸ், 650 குதிரைத்திறனோடு 2.7 வினாடியில் 100ஐத் தொட்டது. 1990இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ், மிட் எஞ்சின் காரை அலுவலகத்துக்கும் ஓட்டிப்போகலாம் என்று காட்டியது.

ஃபெராரியே இந்தக் கேள்விக்கு இரண்டு பதிலும் சொல்லியிருக்கிறது. 1973இல் டேடோனா என்ற முன் எஞ்சின் காருக்குப் பிறகு தன் பெரிய இரண்டு சீட் காரின் எஞ்சினை நடுவுக்கு மாற்றியது, 1996இல் 550 மாரனெல்லோவில் வி12ஐ மறுபடியும் முன்னால் கொண்டுவந்தது. இரண்டு சீட் போதும், ஆனால் டிக்கியும் சொகுசும் வேண்டும் என்பவர்களுக்கு அந்த வரிசையைப் பார்க்கச் சொல்வேன்.

படி 7: பராமரிப்பும் பழைய கார் சோதனையும்

கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க் மாற்றும் செலவு, டயர் எத்தனை கிலோமீட்டர் தாங்கும், இன்சூரன்ஸில் வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்ற வரம்பு உண்டா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். அடிக்கடி எடுக்காத கார் என்றால் பேட்டரியைச் சார்ஜில் வைத்திருக்கும் சிறிய கருவியும், அது செருக ஒரு பிளக்கும் வேண்டும்.

பழைய கார் என்றால் இன்னும் கவனம். ஃபெராரி எஃப்355இல் டைமிங் பெல்ட் மாற்றுவதற்கு எஞ்சினையே கீழே இறக்க வேண்டும், பின்னால் வந்த எஃப்430இல் செயின் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. மிட் எஞ்சின் அமைப்பில் ஒரு சின்ன வேலைக்கும் கை நுழைய இடமிருக்காது, அதுவும் கூலியில் சேரும். போர்ஷேயில் எஞ்சின் கம்ப்யூட்டர், அளவுக்கு மீறி எஞ்சினைச் சுழற்றிய சந்தர்ப்பங்களைப் பதிந்து வைத்திருக்கும், அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எந்த காராக இருந்தாலும் விற்பவரோடு சம்பந்தமில்லாத, அந்த மாடலைத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் லிப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மூக்கின் கீழ் உரசல் எவ்வளவு என்பதிலிருந்தே முந்தைய உரிமையாளர் இரண்டாவது படியைச் செய்தாரா என்று தெரிந்துவிடும். லிப்டில் ஏற்ற மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.