சிங்கப்பூரில் சாப்பிடக் கிளம்பினால், கோப்பி 'ஓ கொசோங்'
உணவங்காடி நிலையங்களில் நாள் முழுக்க ருசி பார்க்கப் போகிறீர்களா? குடிக்க 'கோப்பி ஓ கொசோங்' கேளுங்கள். வெறும் 'கோப்பி' என்றால் இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சீனி உண்டு. 'கொசோங்' சேர்த்தால்தான் சீனியும் போகும். குவளை அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும் அந்தப் பால், இரண்டு கோப்பியிலேயே வயிற்றை அடைத்துவிடும். அப்புறம் லக்சா என்ற காரமான நூடுல்ஸ் குழம்பின் தேங்காய்ப்பால் திகட்டும். கசப்புக் கோப்பியோ நாக்கின் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும்.

பால் இல்லாமல் முடியாதென்றால் 'கோப்பி சி கொசோங்': இனிப்பில்லாத டின் பால். இனிப்பைக் குறைத்தால் போதும் என்பவர்களுக்கு 'சியூ தாய்'.

தூக்கி ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரேவுக்கு இந்தக் 'கொசோங்' ஒத்துவராது. கெட்டிப்பால் இல்லாமல் அது தே தாரேயே இல்லை. எல்லாம் சாப்பிட்ட பிறகு கடைசியில் குடியுங்கள்.