ஃபிராங்க் ஸாப்பாவைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு: எதில் ஆரம்பிப்பது, எப்படிக் கேட்பது

அமெரிக்க ராக் கிட்டார் கலைஞரும் இசையமைப்பாளருமான ஃபிராங்க் ஸாப்பா உயிரோடு இருந்தபோது வெளியிட்ட ஆல்பங்கள் மட்டும் 62. 1993 டிசம்பரில், 52 வயதில் அவர் இறந்த பிறகும் கிடங்கிலிருந்த டேப்புகள் ஆல்பங்களாக வந்துகொண்டே இருக்கின்றன; மொத்தம் 100-ஐத் தாண்டிவிட்டது. இத்தனையையும் பார்த்து மலைத்துப்போய் விட்டுவிடாதீர்கள். ஐந்தாறு ஆல்பங்களைச் சரியான வரிசையில் கேட்டாலே போதும், மற்றவற்றுக்கு வழி தானாகத் தெரியும்.

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, 1966-இல் வந்த முதல் ஆல்பமான ‘ஃப்ரீக் அவுட்’டில் தொடங்கி வருட வாரியாகப் போவது. அது இரட்டை இசைத்தட்டு. அதன் கடைசிப் பக்கம் முழுக்கத் தாளவாத்தியமும் கூச்சலும்தான். காது பழகாதவர்கள் அங்கேயே எழுந்து போய்விடுவார்கள். இரண்டாவது தவறு, ஆப்பில் ‘ஷஃபிள்’ போட்டுக் கேட்பது. இவருடைய பல ஆல்பங்களில் ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையோடு ஒட்டியிருக்கும். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஹெட்போன் கட்டாயம் வேண்டும். போன் ஸ்பீக்கரில் பேஸ் கிட்டாரும் மரிம்பாவும் (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) காணாமல் போய்விடும்.

படி 1: பாட்டு வேண்டாம், கிட்டார் மட்டும்

‘ஹாட் ராட்ஸ்’ (1969) ஆல்பத்தை எடுங்கள். மொத்தம் ஆறே உருப்படிகள், ஒன்றில் மட்டும்தான் குரல். முதல் உருப்படி ‘பீச்சஸ் என் ரெகாலியா’, நாலு நிமிடம்கூட இல்லை. அதை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை மெட்டை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை மெட்டை விட்டுவிட்டு டிரம்ஸையும் பேஸையும் பிடியுங்கள். மூன்றாம் முறை புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன், கீபோர்டு என்று அடுக்கடுக்காக வருவதைக் கவனியுங்கள். அத்தனையையும் வாசித்தவர் இயன் அண்டர்வுட் என்ற ஒரே ஆள். அப்போது புத்தம்புதிதாக இருந்த 16 டிராக் டேப்பில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்தார்கள்.

அடுத்தது ‘வில்லி த பிம்ப்’. பாடகர் கேப்டன் பீஃப்ஹார்ட்டின் கரகரத்த குரல் கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் போகும். மீதியெல்லாம் கிட்டார்தான். கிட்டாரின் தொனியை மாற்றும் ‘வா’ பெடலைப் பொதுவாகக் காலால் மேலும் கீழும் மிதிப்பார்கள். ஸாப்பா அதைப் பாதியில் நிறுத்தி வைத்துவிடுவார். அதனால் ஒரு குறிப்பிட்ட அலைவரிசை மட்டும் தூக்கலாகி, ஆள் மூக்கால் பேசுவதுபோல ஒரு தொனி வரும். அவருடைய சோலோக்களில் வேகத்தைத் தேடாதீர்கள், பேச்சின் நடையைத் தேடுங்கள். ஒரு அடிக்குள் ஐந்து ஸ்வரம், அடுத்த அடிக்குள் ஏழு என்று தாளத்தின் மேல் சாய்ந்து சாய்ந்து போகும். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு நடை மாறுவது சட்டென்று பிடிபடும்.

சி.டி. வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 1987 சி.டி.யில் ஸாப்பாவே இந்த ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்தார். 13 நிமிடம் இருந்த ‘கம்போ வேரியேஷன்ஸ்’ ஏறக்குறைய 17 நிமிடமாக நீண்டது. பழைய மிக்ஸ் வேண்டுமென்றால் 2012 பதிப்பைப் பாருங்கள்.

படி 2: சிரிப்புக்குள் ஒளிந்திருக்கும் வேலை

‘அபாஸ்ட்ரஃபி’ (1974) அரை மணி நேர ஆல்பம். முதல் நான்கு பாட்டும் ஒரே கதை: தன்னை எஸ்கிமோவாகக் கனவு காண்பவன், நாய்கள் மூத்திரம் போய் மஞ்சளான பனி, ஒரு தேவாலயத்து பேன்கேக் விருந்து. முதலில் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுச் சிரித்துவிடுங்கள். பிறகு ஆரம்பத்துக்கே போய் அந்தத் தொடக்க இசைக்குக் கை தட்டிப் பாருங்கள். நாலு நாலாக எண்ணினால் இடறும், ஏழாக எண்ணினால் உட்காரும். மூன்றாவது பாட்டில் பேன்கேக் கதைக்கு அடியில் ரூத் அண்டர்வுட்டின் மரிம்பா ஓடும் ஓட்டத்தை மட்டும் ஒருமுறை தனியாகக் கேளுங்கள். வரிகளுக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

கடைசிப் பாட்டில் ஒரு நாய் வரும். 1973 ஆல்பத்தில் வந்த பூடில் நாயும் கூடவே எட்டிப்பார்க்கும். 1975-இல் இன்னொரு நாய்ப் பாட்டு. இப்படி ஒரே பொருட்களை ஆல்பத்துக்கு ஆல்பம் தூவி வைப்பது அவர் வழக்கம். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே போனால் பத்து ஆல்பத்தில் ஒரு பெரிய வலை தெரியும்.

வரிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பல பாட்டுகள் பச்சையாக இருக்கும். சில பெண்களை இழிவாகப் பேசும். அவற்றைத் தாண்டிப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் முதல் முறை ஹெட்போனிலேயே கேளுங்கள்.

படி 3: ஒட்டுவேலை

‘ஒன் சைஸ் ஃபிட்ஸ் ஆல்’ (1975) ஆல்பத்தின் ‘இன்கா ரோட்ஸ்’ பாட்டுக்கு அடித்தளம் 1974 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் பதிவானது. நடுவில் வரும் கிட்டார் சோலோ மட்டும் அடுத்த மாதம் ஹெல்சிங்கியில் நடந்த கச்சேரியிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. அந்தக் கச்சேரி ‘யூ கான்ட் டூ தட் ஆன் ஸ்டேஜ் எனிமோர்’ வரிசையின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்: எதை வைத்துக்கொண்டார், எதை வெட்டினார் என்று தெரியும். ஸாப்பாவின் எடிட்டிங் ரசனையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பிற்பாடு அவர் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு கச்சேரியின் சோலோவை அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு பாட்டின் தாளத்தின் மேல் வைத்தார். ‘ஜோஸ் கராஜ்’ (1979) சோலோக்களில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான். விதிவிலக்கு ‘வாட்டர்மெலன் இன் ஈஸ்டர் ஹே’. ஆல்பத்தின் கதைப்படி, இசைக்குத் தடை விதித்த நாட்டில் ஒருவன் மனதுக்குள் வாசிக்கும் கடைசி சோலோ அது. ஒன்பதாக எண்ணுங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

படி 4: டிரம்மரை வைத்துக் காலத்தைக் கண்டுபிடிப்பது

கச்சேரிப் பதிவுகளில் ஒரே பாட்டு பல வடிவங்களில் வருவதால் குழப்பம் வரும். டிரம்மர் பெயரைப் பாருங்கள். டெர்ரி போஸியோ என்றால் எழுபதுகளின் நடுப்பகுதி. வின்னி கொலையுட்டா என்றால் 1978-ஐ ஒட்டி. சாட் வேக்கர்மேன் என்றால் எண்பதுகள்.

1978 பதிவுகளில் நம் காதுக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல். சங்கர், ஸாப்பா குழுவோடு நியூயார்க் மேடையில் வாசித்த ‘தர்ட்டீன்’. பெயரிலேயே தாளம் இருக்கிறது: பதின்மூன்று. ஐந்தும் எட்டுமாகப் பிரித்துத் தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். அதே ஸ்டேஜ் வரிசையின் ஆறாம் தொகுதியில் கிடைக்கும்.

படி 5: கருப்புப் பக்கம்

அறுபதுகளின் மற்ற ஆல்பங்கள், சின்க்ளேவியர் கணினி இசை, ஏழெட்டு சி.டி. கொண்ட பெட்டிகள் எல்லாம் இப்போதைக்கு நிற்கட்டும். ‘ஸாப்பா இன் நியூயார்க்’ (1978) ஆல்பத்துக்கு வாருங்கள். அதில் ‘த பிளாக் பேஜ்’ இரண்டு வடிவில் இருக்கிறது. ஸ்வரங்கள் அத்தனை நெருக்கமாக எழுதப்பட்டதால் இசைத்தாளே கருப்பாகத் தெரிந்ததாம். பெயர் அப்படி வந்தது. முதல் வடிவம் டிரம்ஸும் தாளவாத்தியங்களுமாகக் கரடுமுரடாக இருக்கும். அடி எங்கே விழுகிறது என்று தேடித் தோற்பீர்கள், பரவாயில்லை. உடனே இரண்டாவதைப் போடுங்கள். அதே மெட்டு, அடியில் டிஸ்கோ தாளம். கால் தானாக ஆடும்.