தாராவி மாலை வகுப்புக்குச் சிறு நிதியுதவி பெறும் வழி

மும்பை தாராவியில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறு மன்றத்துக்குப் பெருந்தொகை தேவையில்லை. அறை வாடகைக்கும் மின்விசிறிக்கும் புத்தகங்களுக்கும் உதவி கிடைத்தாலே வகுப்பு தடையின்றி நடக்கும்.

முதலில் பதிவு. மகாராஷ்டிரத்தில் 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவாகும் மன்றம், 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டப்படி அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரியான சாரிட்டி கமிஷனரின் அலுவலகத்திலும் பதிவு பெற வேண்டும். பான் அட்டையும் வங்கிக் கணக்கும் மன்றத்தின் பெயரிலேயே இருக்கட்டும். எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும், தலைவரின் சொந்தக் கணக்கில் பணம் வாங்கவே கூடாது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நாடினால் வருமான வரித்துறையில் 12ஏ, 80ஜி என்று அறியப்படும் வரிச்சலுகைப் பதிவுகளும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் தாக்கல் செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவமும் வேண்டும்.

விண்ணப்பத்தில் "கல்வியை மேம்படுத்துவோம்" என்று பொதுவாக எழுதுவதைவிட, எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், தமிழில் படிப்பவர் எத்தனை பேர், மழைக்காலத்தில் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் அவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்பதை எழுதுங்கள். கொடுப்பவர் மனத்தில் பதிவது அதுதான்.

பணம் வந்ததும் ஒவ்வொரு ரசீதையும் அன்றே நகலெடுத்துக் கோப்பில் வையுங்கள். கடைகளில் தரும் வழவழப்பான பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். பணம் எதற்குச் செலவானது என்று கொடுத்தவருக்குக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைத் தயாரிக்கும்போது வெற்றுத்தாளைக் காட்ட முடியாது.