துப்பாக்கிக் கட்டைக்கு எபாக்சி படுக்கை

கடலூர் கடற்காற்றில் ஐப்பசி மழை பிடித்தால் துப்பாக்கியின் மரக்கட்டை உப்பி, குண்டு பாயும் குழலான பேரலைத் தள்ளும், குறி நகரும். இதற்குத்தான் கட்டைக்கும் உலோகத்துக்கும் நடுவே எபாக்சி பசையை இறுகவிட்டுப் படுக்கை போடுவது. தோட்டா இல்லையென உறுதிசெய்து, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) கழற்றுங்கள். கட்டையில் பேரல் படுக்கும் பள்ளத்தை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, சுற்றிலும் 1.5 மி.மீ. இடைவெளி விடுங்கள். தேய்த்த மரத்துக்கு வார்னிஷ் கட்டாயம்.

ரிசீவர் (பேரலின் பின்னால் போல்ட் ஓடும் உலோகப் பகுதி) உட்காரும் இடத்தில் 2 மி.மீ. மரம் எடுங்கள். உலோகம் முழுக்க மெழுகு பாலிஷ் இரண்டு பூச்சு, ஓட்டைகளில் குழந்தைகள் விளையாடும் களிமண். இதில் அவசரப்பட்டால் துப்பாக்கி கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிப்பது பெரும்பாடு. ரீகாயில் லக்கின் (சுடும்போது வரும் பின்னுதைப்பைக் கட்டைக்குக் கடத்தும் உலோகப் புடைப்பு) முன்புறம், பக்கங்கள், அடிப்பகுதிக்கு டேப் ஒட்டுங்கள். பின்முகம் மட்டுமே எபாக்சியில் பதிய வேண்டும்.

மெதுவாக இறுகும் எபாக்சியையே வாங்குங்கள், ஐந்து நிமிட வகை வேண்டாம். அதைப் பள்ளத்தில் பூசி ரிசீவரை உட்காரவையுங்கள். அப்போது கட்டையின் திருகை முறுக்கினால் ரிசீவர் வளைந்தபடியே எபாக்சி இறுகிவிடும். அதனால் ரப்பர் குழாயால் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். பூட்டியபின் பத்து ரூபாய் நோட்டு பேரலடியில் ரிசீவர் வரை தடையின்றி ஓடவேண்டும்.