விண்டோஸ் 10 கணினியை லினக்ஸுக்கு மாற்றுதல்: நிறுவும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் கேட்கிறது. இதனால், எந்தப் பழுதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான கணினிகள் மேம்படுத்த முறையான வழியின்றி நிற்கின்றன. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான் திருத்தங்கள் வரும் என்று அறிவிக்கப்பட்டது. இத்தகைய கணினியை இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றுவது நல்ல முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நிறுவும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மாறியவர் லினக்ஸில் நிலைப்பாரா, ஒரு மாதத்தில் திரும்பிவிடுவாரா என்பதை அதற்கு முன் செய்யும் வேலைகளே தீர்மானிக்கின்றன. எனவே இந்த வழிகாட்டி அந்த வேலைகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது.

விண்டோஸிலேயே தொடங்குங்கள்

முதல் வேலை, அன்றாடம் திறக்கும் மென்பொருள்களை ஒரு தாளில் எழுதுவது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், விஎல்சி, பிளெண்டர் போன்றவை லினக்ஸிலும் அப்படியே கிடைக்கின்றன. ஃபோட்டோஷாப்புக்கும், கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. அவற்றை நம்பிப் பிழைப்பு நடத்துபவர், மாற்று மென்பொருள் தம் வேலைக்கு ஈடுகொடுக்குமா என்று பார்க்காமல் மாறக் கூடாது. நல்ல வேளையாக அதைப் பார்க்க லினக்ஸ் தேவையில்லை. ஆஃபீஸுக்கு மாற்றான லிப்ரெஆஃபீஸ், ஃபோட்டோஷாப்புக்கு மாற்றான கிம்ப், படம் வரைவதற்கான இங்க்ஸ்கேப், மின்னஞ்சலுக்கான தண்டர்பேர்ட் ஆகிய எல்லாவற்றையும் விண்டோஸிலேயே நிறுவிச் சில வாரங்கள் உண்மையான வேலைக்குப் பயன்படுத்தலாம். திருத்தக் குறிப்புகள் நிறைந்த ஆவணம், மேக்ரோ எழுதிய விரிதாள், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதம் ஆகியவற்றை லிப்ரெஆஃபீஸில் திறந்து, சேமித்து, மறுபடியும் திறந்து பாருங்கள். அங்கே தெரியும் குறை லினக்ஸிலும் இருக்கும். அங்கே சரியாக இருப்பது லினக்ஸிலும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

விளையாட்டுகளைப் பொறுத்தவரை, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் என்னும் மென்பொருள் நிலைமையைத் தலைகீழாக மாற்றிவிட்டது. ஆயினும் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் மட்டத்தில் இயங்கும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளைக் கட்டாயமாக்கும் இணைய விளையாட்டுகள் பல இன்னும் லினக்ஸில் ஓடுவதில்லை. உங்கள் விளையாட்டின் பெயரைப் புரோட்டான்டிபி தளத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை காப்பு நகல். வெளி வட்டு ஒன்றில் கோப்புகளை நகலெடுப்பதோடு நிறுத்தாமல், அந்த வட்டை வேறொரு கணினியில் செருகிச் சில படங்களையும் ஆவணங்களையும் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகல் என்று எண்ணக் கூடாது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல் மென்பொருள் தனக்குள் வைத்திருக்கும் பழைய அஞ்சல்கள், டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடக்கும் கோப்புகள் ஆகியவையே பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன.

மூன்றாவதாக, விண்டோஸுக்குள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வட்டிலுள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். தாங்கள் அதை இயக்கியதே இல்லை என்று நினைப்பவர்களின் மடிக்கணினியிலும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த காரணத்தாலேயே அது இயங்கிக்கொண்டிருக்கலாம். இயங்கினால், 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிவைத்த பிறகே, கணினி துவங்கும்போது முதலில் இயங்கும் பயாஸின் அமைப்பில் கைவையுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை கணினி துவங்கும்போது அந்தக் குறியீட்டைக் கேட்டு நின்றுவிடும். விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கும் வரை விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. பாதி உறங்கும் நிலையில் வட்டை விட்டுச்செல்வதால், லினக்ஸிலிருந்து வட்டின் அந்தப் பகுதியைப் (பார்ட்டிஷன்) படிக்க முடியுமே தவிர எழுத முடியாமல் போகும். கணினி நிறுவனம் வெளியிட்ட பயாஸ் மேம்படுத்தல் ஏதேனும் நிலுவையில் இருந்தால், அதையும் விண்டோஸ் இருக்கும்போதே நிறுவிவிடுவது எளிது.

எந்த வழங்கல்?

லினக்ஸைத் தேவையான மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் தொகுப்பே வழங்கல். முதல் முறை மாறுபவருக்கு என் பரிந்துரை லினக்ஸ் மின்ட் 22 வரிசை. அது உபுண்டு 24.04ஐ அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதன் சின்னமன் இடைமுகம் விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாக இராது. 4 ஜிபி நினைவகமே உள்ள கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுக்கலாம். சற்றே அனுபவம் உள்ளவருக்கு, 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13 நல்ல தேர்வு. ஆனால் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை டெபியன் இந்தப் பதிப்போடு கைவிட்டுவிட்டதை மறக்க வேண்டாம். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாத ஆதரவுதான். புதிய வன்பொருளுக்கு அது பொருந்தும், பழைய கணினியை நிம்மதியாக ஓட்டுவதற்கு அந்த வேகம் தேவையில்லை.

புதியதே சிறந்தது என்று எண்ணுபவர்கள் 2024 மார்ச்சில் நடந்ததை நினைவில் கொள்ள வேண்டும். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, காரணத்தைத் துருவிக்கொண்டே போனார். எக்ஸ்இசட் என்னும் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு நுழைத்திருந்த பின்கதவு அப்படித்தான் வெளிப்பட்டது. அது புதிய பதிப்புகளை உடனுக்குடன் ஏற்கும் டெபியனின் சோதனைக் கிளைகளையும், ஃபெடோராவின் ராஹைடு கிளையையும், ஓப்பன்சூசே டம்பிள்வீடையும் எட்டியிருந்தது. டெபியனின் நிலையான பதிப்பை எட்டவில்லை. மூல நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்ததால் ஒருவரால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது என்பதும், நிலையான பதிப்பில் இருந்தவர்கள் பொறுமையின் பலனாகத் தப்பினார்கள் என்பதும் இரண்டுமே உண்மை.

இறக்கிய கோப்பைச் சரிபார்த்தல்

நிறுவலுக்கு வேண்டிய அனைத்தையும் அடக்கிய ஐஎஸ்ஓ கோப்பை வழங்கலின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்தே இறக்குங்கள். இறக்கிய பின், கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் எஸ்எச்ஏ-256 செக்சம் மதிப்பைக் கணக்கிட்டு, தளத்தில் கொடுத்திருக்கும் மதிப்போடு ஒப்பிட வேண்டும். விண்டோஸில் செவன்-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்தாலே இந்தக் கணக்கீடு கிடைக்கும். இதை வீண் சடங்கு என்று தள்ளிவிடக் கூடாது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ கோப்பின் பக்கம் திருப்பிவிட்டார்கள். தளத்தையே கைப்பற்றியவரால் அதிலுள்ள செக்சம் மதிப்பையும் மாற்ற முடியும் என்பதால், வெளியிட்டவர்களின் மின்னணுக் கையொப்பமான ஜிபிஜி கையொப்பத்தையும் சரிபார்ப்பதே முழுமையான முறை. அதற்கான படிகளை மின்ட் தன் நிறுவல் கையேட்டிலேயே விளக்கியிருக்கிறது.

பிறகு ரூஃபஸ் அல்லது எட்சர் என்னும் கருவி கொண்டு அந்தக் கோப்பை 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் எழுதுங்கள். அதில் முன்பு இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும்.

நிறுவாமல் ஓட்டிப் பார்த்தல்

எல்லாவற்றிலும் முக்கியமான கட்டம் இதுவே. அவசரத்தில் பலர் தாவிச் செல்வதும் இதைத்தான். பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கினால், வட்டில் எதையும் எழுதாமலேயே முழு இயங்குதளமும் ஓடும். துவக்கப் பட்டியலைத் திறக்கும் விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவை பரவலானவை. உள்ளே வந்தவுடன் நிறுவும் சின்னத்தைச் சொடுக்காமல், ஒரு மாலைப் பொழுதை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

முதலில் வைஃபை. சில பிராட்காம் அட்டைகளுக்கு அவற்றை இயக்கும் தனி நிரல் (டிரைவர்) தேவைப்படும். இணையம் இல்லாமல் அதை இறக்க முடியாது என்பதால், செல்பேசியை யுஎஸ்பி வழியே இணைத்து இணையத்தைப் பகிரும் வழியை முன்பே சோதித்து வைத்திருங்கள். அடுத்து ஒலி: ஸ்பீக்கரில் கேட்பதோடு நில்லாமல், ஹெட்ஃபோனைச் செருகியும் மைக்கில் பேசிப் பதிவு செய்தும் பாருங்கள். மடிக்கணினியின் மூடியை மூடி, சில நிமிடம் கழித்துத் திறங்கள். திரை உயிர்பெற்று, வைஃபை தானாக மீண்டும் இணைந்தால் பெரிய கவலை ஒன்று தீர்ந்தது. திரை ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், டச்பேடில் இரண்டு விரல் உருட்டல், கேமரா, புளூடூத், பிரிண்டர், வெளித் திரை ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எது ஓடவில்லையோ அதைக் கணினியின் மாடல் எண்ணோடு சேர்த்து இணையத்தில் தேடினால், நிறுவிய பின் சரியாகுமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நிறுவியைத் திறந்து பார்க்கும்போது வட்டே தென்படவில்லை என்றால், பயாஸில் சேமிப்பகம் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு முறையில் அமைந்திருக்கக்கூடும். அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்பவர் இந்த மாற்றத்துக்கு முன் விண்டோஸைச் சேஃப் மோடில் துவங்குமாறு அமைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது துவங்காமல் போகும்.

இப்போது வேலண்ட் பற்றி. திரையில் சாளரங்களை வரையும் வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த எக்ஸ்11 முறையிலிருந்து வேலண்ட் என்னும் புதிய முறைக்கு லினக்ஸ் உலகம் மாறிக்கொண்டிருக்கிறது. 2025 செப்டம்பரில் வெளியான க்நோம் 49 இடைமுகம் எக்ஸ்11 அமர்வை இயல்பாக முடக்கியது, உபுண்டு 25.10 வேலண்ட் அமர்வை மட்டுமே தருகிறது. மின்ட்டின் சின்னமன் இன்னும் இயல்பாக எக்ஸ்11இல்தான் ஓடுகிறது. வேலண்டைச் சோதனை வசதியாக வைத்திருக்கிறது. வேலண்டில் ஒரு செயலி மற்றொன்றின் சாளரத்தை எட்டிப்பார்க்க முடியாது என்பதால் பாதுகாப்பு கூடுகிறது. அதே காரணத்தால், பழைய திரைப்பதிவு மென்பொருள்களும், எந்தச் சாளரத்திலும் இயங்கும் குறுக்குவிசைக் கருவிகளும் தடுமாறுகின்றன. ஆகவே பிரவுசரில் ஒரு காணொளி அழைப்பைத் தொடங்கித் திரையைப் பகிர்ந்து பாருங்கள். எந்தத் திரையைப் பகிர வேண்டும் என்று இயங்குதளமே தனியாக ஒரு சாளரத்தில் கேட்டால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள்.

தமிழ்த் தட்டச்சையும் இங்கேயே சோதித்துவிடுங்கள். ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவி வழியே எம்17என் விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி என எல்லா அமைப்புகளும் கிடைக்கும். கேடிஇ பிளாஸ்மா இடைமுகத்தின் வேலண்ட் அமர்வில் மட்டும் கூடுதலாக ஒரு படி உண்டு: அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று ஐபஸ் அல்லது அதைப் போன்ற எஃப்சிஐடிஎக்ஸ் 5ஐத் தேர்ந்தெடுக்காவிட்டால், சில செயலிகளில் தமிழ் வரும், சிலவற்றில் வராது.

என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை உள்ளவர்களுக்கு ஒரு சொல். டூரிங் தலைமுறைக்கு முந்தைய மேக்ஸ்வெல், பாஸ்கல் அட்டைகளுக்கு 580 வரிசை டிரைவரே கடைசி. பழைய கணினிகளில் இருப்பவை பெரும்பாலும் இவைதாம். எனவே அந்த வரிசையைத் தொடர்ந்து வழங்கும் நீண்டகால ஆதரவுப் பதிப்பில் இருப்பது நல்லது.

நிறுவுதல்

இதுவரை எல்லாம் தேறியிருந்தால் நிறுவுதல் எளிது. மொழி, விசைப்பலகை, நேர மண்டலம் ஆகிய கேள்விகளைக் கடந்து வரும் வட்டுத் தேர்வுத் திரையில் மட்டும் நிதானம் வேண்டும். வட்டு முழுவதையும் அழித்து நிறுவுவதா, விண்டோஸின் பக்கத்தில் நிறுவுவதா என்று அங்கே கேட்கப்படும். இரண்டும் வேண்டுமென்றால், விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியிலேயே பார்ட்டிஷனைச் சுருக்கி வெற்றிடம் உண்டாக்கிவிட்டு வாருங்கள். இரண்டாவது எஸ்எஸ்டி பொருத்த இடமிருந்தால் அதில் தனியாக நிறுவுவதே தலைவலி குறைந்த வழி. மடிக்கணினி என்றால் வட்டைக் குறியாக்கம் செய்யும் தெரிவைத் தவறாமல் தேர்ந்தெடுங்கள். திருட்டுப்போனாலும் கோப்புகள் பிறர் கைக்குப் போகாது.

கையொப்பமிட்ட துவக்க நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் பழைய அறிவுரையைப் பின்பற்ற வேண்டாம். மின்ட், உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாம் அது இயங்கும் நிலையிலேயே நிறுவப்படுகின்றன. தனி டிரைவர்களைச் சேர்க்கும்போது நிறுவி ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லைக் கேட்கும். அடுத்த துவக்கத்தில் நீலத் திரை ஒன்று சில நொடிகள் மட்டும் தோன்றும். அதில் சாவியைப் பதிவு செய்யும் தெரிவைத் தேர்ந்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரையைத் தவறவிட்டால் டிரைவர் ஏறாது. காரணம் தெரியாமல் பலர் திண்டாடுவது இங்கேதான்.

முதல் வாரம்

உள்ளே நுழைந்ததும் மேம்படுத்தல்கள் அனைத்தையும் நிறுவிவிட்டு, டைம்ஷிஃப்ட் கருவியில் முதல் நிலைப்பதிவை எடுங்கள். அது இயங்குதளக் கோப்புகளை மட்டுமே பழைய நிலைக்கு மீட்கும். உங்கள் சொந்தக் கோப்புகளுக்குத் தனியாகக் காப்பு நகல் எடுத்தே ஆக வேண்டும். புதிய மென்பொருள்களை முதலில் வழங்கலின் சொந்தக் களஞ்சியத்தில் தேடுங்கள். அங்கே இல்லாததற்கோ, அங்கிருப்பது மிகப் பழையதாக இருந்தாலோ ஃபிளாட்ஹப் என்னும் பொதுக் களஞ்சியத்தை நாடுங்கள். ஃபிளாட்ஹப்பில் சரிபார்க்கப்பட்டது என்னும் குறி, அந்தப் பொதியை மென்பொருளை உருவாக்கியவர்களே வெளியிடுகிறார்கள் என்று காட்டுகிறது. மின்ட் 22 முதல், அந்தக் குறி இல்லாத பொதிகள் இயல்பாக மறைக்கப்படுகின்றன; வலுவான தேவை இல்லாமல் அந்த அமைப்பை மாற்ற வேண்டாம்.

எஃப்டபிள்யூயுபிடி என்னும் கருவி பயாஸ் போன்ற, கணினியின் வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் நிரலையும் (ஃபர்ம்வேர்) லினக்ஸிலிருந்தே மேம்படுத்தும். செக்யூர் பூட்டுக்கான மைக்ரோசாஃப்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் காலாவதி 2026 ஜூனில் தொடங்குகிறது. அதனால் இப்போது இயங்கும் கணினி திடீரென நின்றுவிடாது. ஆனால் புதிய சான்றிதழால் கையொப்பமிட்ட துவக்க நிரல்களை ஏற்க, கணினியில் அந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும். ஆகையால் அந்த மேம்படுத்தல் காட்டப்பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். மடிக்கணினி என்றால் மின்னிணைப்பில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

என்றேனும் கெர்னல் மேம்படுத்தலுக்குப் பிறகு வைஃபையோ திரையோ சரியாக இயங்காவிட்டால், மறுபடி நிறுவ ஓட வேண்டியதில்லை. துவங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் கிரப் என்னும் துவக்கப் பட்டியலைத் திறந்து, கூடுதல் தெரிவுகளுக்குள் சென்றால் முந்தைய கெர்னல் அங்கேயே காத்திருக்கும். அதைத் தேர்ந்து துவக்கி, திருத்தம் வரும் வரை அதிலேயே வேலையைத் தொடரலாம்.